ஆள் வருவாங்க

இது நடந்தது. என் பக்கத்துச் சீட்டில், என் மகளுக்கு நடந்தது. நம்ப முடியாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு வருத்தமில்லை. நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். யாராவது பேய்க் கதை சொன்னால் "ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று கேட்கிற ரகம் நான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் சுடுகாடு கிடையாது, பாழடைந்த பங்களா கிடையாது. ராத்திரியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டரை மணிக் காட்சி. வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில். ஆனால் தியேட்டருக்குள் எந்த நேரமும் ராத்திரிதானே? விளக்கை அணைத்துவிட்டால் போதும்.

நான் காது மெஷின் கடை வைத்திருக்கிறேன். காது சரியாகக் கேட்காதவர்களைச் சோதித்து, அளவெடுத்து, மெஷின் பொருத்திக் கொடுப்பது தொழில். இருபது வருடமாக அடுத்தவர் காதைக் கவனித்தே பிழைப்பதால் என் காதுக்குக் கொஞ்சம் திமிர் அதிகம். பக்கத்து வீட்டு மிக்ஸி எந்தக் கம்பெனி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மனைவி இதைப் பற்றி ஊரெல்லாம் கேலி பேசுவாள்.

இந்தத் திமிரை நான் காட்டுகிற இடம் தியேட்டர். எங்கள் ஊர் பெரியது, தியேட்டர்களுக்குக் குறைச்சல் இல்லை. எந்தப் படத்தை எங்கே பார்க்கலாம் என்று கேட்டு வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே என் போன் அடிக்கும். சொந்தக்காரர்கள், கடைக்கு வருகிறவர்கள், மச்சானின் ஆபீஸ் ஆட்கள் வரைக்கும் கேட்பார்கள். சண்டைப் படமென்றால் ரயில்வே ஸ்டேஷன் எதிரே இருக்கிற தியேட்டர், நெஞ்செலும்பு அதிரும். பாட்டுப் படமென்றால் மாலில் மூன்றாவது ஸ்கிரீன். தப்பித்தவறி நாலாவதுக்குப் போய்விடக்கூடாது, அங்கே இடது பக்க ஸ்பீக்கர் இருமும். ஏசி நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தியேட்டரைத் தேர்ந்தெடுக்கிறவர்களோடு நான் பேசுவதே இல்லை.

இத்தனை பிகுவுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. என் மகள்.

வீட்டில் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. மெஷின் போட்டால் பக்கத்தில் பேசுவது கேட்கும். கழற்றிவிட்டால் ஒன்றுமே கேட்காது. முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டு உடைத்தாலும் திரும்ப மாட்டாள். ஊருக்கெல்லாம் மெஷின் மாட்டுகிறவன் வீட்டில் இப்படி ஒரு குழந்தை. முதல் இரண்டு வருடம் நான் ராத்திரியில் அழுதிருக்கிறேன். அப்புறம் அவள் காதுக்கு என்னென்ன கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமோ அதெல்லாம் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். சினிமா அதில் ஒன்று. சிட்டுவுக்குச் சினிமா என்றால் உயிர்.

மெஷினில் ஒரு தொல்லை இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற சத்தத்தைத்தான் அது முதலில் பிடிக்கும். பக்கத்துச் சீட்டுக்காரர் பாப்கார்ன் மென்றால் அவளுக்கு இடி விழுகிற மாதிரி கேட்கும், திரையில் பேசுகிற வசனம் அமுங்கிவிடும். அதனால் நான் எப்போதும் மூன்று டிக்கெட் எடுப்பேன். ஓரத்தில் நான், நடுவில் சிட்டு, அவளுக்கு வலது பக்கம் ஒரு காலிச் சீட்டு. என் மனைவி வர மாட்டாள். தியேட்டர் என்றாலே அவளுக்குத் தலைவலி.

"காத்துக்கு டிக்கெட் வாங்குற ஒரே மனுஷன் நீங்கதான்" என்பாள்.

ஹவுஸ்ஃபுல் காட்சியில் ஒரு சீட்டைக் காலியாகக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. "இது காலியா?" என்று கேட்டு யாராவது உட்கார வருவார்கள். காலிதான், ஆனால் உட்காராதீர்கள் என்றால் சண்டைக்கு நிற்பார்கள். கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவரும் தலையை எண்ணுவார். "மூணு இருக்கு, ரெண்டு பேர்தான் வந்திருக்கீங்க?"

எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்.

"ஆள் வருவாங்க."

நாலு வருடமாக, போகிற தியேட்டரில் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சு அதிகமுள்ள ஒரு குடும்பப் படத்துக்குப் போவதாக இருந்தது. பழைய தியேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே ஸ்கிரீன், சுவர் முழுக்கக் கனமான துணி, எதிரொலியே இருக்காது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். ஏற்கெனவே பல தடவை போயிருக்கிறோம்.

கிளம்பும்போது மனைவி வாசலில் நின்றாள். "பக்கத்துத் தெருவுலயே ஒரு தியேட்டர் இருக்கு. இந்த வெயில்ல புள்ளைய இழுத்துக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போகணுமா?"

"அங்க வசனம் பேசினா பாத்ரூம்ல பேசற மாதிரி இருக்கும். உனக்கு அதெல்லாம் புரியாது."

"எனக்கு எதுதான் புரிஞ்சுது? போயிட்டு வாங்க."

கேட்டில் வழக்கமான ஆள்தான் இருந்தார். நீலச் சட்டை, வலது கட்டை விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி. மூன்று டிக்கெட்டையும் கிழித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். அவர் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்.

"ஒரு ஆள் வருவாங்க."

"தெரியும் சார்" என்றார்.

எனக்கு அப்போது அது வித்தியாசமாகத் தோன்றவில்லை.

அந்தத் தியேட்டரில் சீட்டெல்லாம் ஸ்பிரிங் வைத்தவை. எழுந்தால் தானாக மடிந்து மேலே போய்விடும், உட்கார்ந்தால் கீழே இறங்கும். சிட்டுவுக்கு வலது பக்கச் சீட்டு மடிந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் சிட்டுவின் மெஷின்களைச் சோதித்தேன். இரண்டிலும் காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்தேன். அவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

2.34க்கு விளக்கு அணைந்தது.

ஒரு இரண்டு நிமிடம் இருக்கும். க்ரீச்... என்று ஸ்பிரிங் சத்தம். திரும்பினேன். காலிச் சீட்டு கீழே இறங்கியிருந்தது.

பழைய ஸ்பிரிங், தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். சிட்டுவைத் தாண்டிக் கையை நீட்டி அதைத் தட்டினேன். மேலே போக வேண்டிய சீட்டு அசையவில்லை. அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது, இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

2.51க்கு சிட்டுவின் வலது மெஷின் விசிலடித்தது.

கீ... என்று மெல்லிய சத்தம். நான் தினமும் கேட்கிற சத்தம்தான். அது எப்போது வரும் என்பது எனக்கு மனப்பாடம். மெஷினுக்கு மிக நெருக்கமாக ஏதாவது வந்தால் வரும். காதின் மேல் கையை வைத்தால், தலையணையில் ஒருக்களித்துப் படுத்தால், யாராவது காதோடு வாயை வைத்து ரகசியம் பேசினால் வரும். சும்மா இருக்கும்போது வராது.

சிட்டு சும்மாதான் இருந்தாள். கை இரண்டும் மடியில் இருந்தன.

நான் கையை நீட்டி மெஷினைச் சரி செய்தேன். விசில் நின்றது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி... கீ... பிறகு நின்றது. பிறகு மறுபடி. ஒருவர் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு நிமிர்ந்து, மறுபடி குனிந்து சொன்னால் எப்படி விட்டு விட்டு வருமோ, அப்படி வந்தது.

அந்தப் பக்கத்து அம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க சத்தம்?"

"குழந்தையோட மெஷின். சாரி."

அவளுக்கும் சிட்டுவுக்கும் நடுவில் அந்தச் சீட்டு காலியாகத்தான் இருந்தது. திரை வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். ஆனால் கீழே இறங்கியே இருந்தது.

3.09. சிட்டு சிரித்தாள். திரையில் சிரிக்கிற மாதிரி எதுவும் இல்லை. நாலைந்து விநாடி கழித்துத்தான் அந்த ஜோக் வந்தது, தியேட்டரே சிரித்தது.

அடுத்த ஜோக்குக்கும் அவள் முன்னாலேயே சிரித்தாள்.

 அவள் தோளைத் தொட்டேன். அவள் என் பக்கம் திரும்பாமல், வலது காதிலிருந்து மெஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"போட்டுக்கோ கண்ணு. வசனம் கேக்காது."

"வேணாம்ப்பா. அவங்க சொல்றாங்க. இது இல்லாமலே கேக்குது."

எங்கே அவள் காதில் விழாமல் போய்விடுமோ என்று நான் சத்தமாகத்தான் கேட்டேன். முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு சொல்றா?"

அவள் காலிச் சீட்டைக் காட்டினாள். ஏதோ எனக்குத் தெரிந்த ஆளைக் காட்டுகிற மாதிரி காட்டினாள். பிறகு இடது மெஷினையும் கழற்றிக் கொடுத்தாள்.

இப்போது அவளுக்கு ஒன்றும் கேட்கக் கூடாது. இருபது வருடத் தொழில் அனுபவத்தோடு சொல்கிறேன், ஒன்றும் கேட்கக் கூடாது. அவளோ தலையைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்து, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் காதைக் கூர்மையாக்கினேன். எனக்குப் படம் கேட்டது. ஏசி கேட்டது. பின் வரிசையில் யாரோ பாட்டில் மூடி திறப்பது கேட்டது. அந்தச் சீட்டிலிருந்து மட்டும் எதுவும் கேட்கவில்லை. என் காதை நினைத்து முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது.

எழுந்தேன். சிட்டுவின் முழங்காலைத் தாண்டிப் போய் அந்தச் சீட்டில் நானே உட்கார்ந்தேன். பஞ்சு அமுங்கியிருந்தது, வெதுவெதுப்பாக இருந்தது.

சரி, இனி என்ன செய்வாய் என்று நினைத்தேன்.

க்ரீச்...

சிட்டுவுக்கு இடது பக்கம் நான் விட்டுவிட்டு வந்த சீட்டு, மடிந்து மேலே போயிருந்தது, மெதுவாகக் கீழே இறங்கியது.

சிட்டு தலையை இடது பக்கம் சாய்த்தாள்.

"ம்..." என்றாள்.

என் கையிலிருந்த இரண்டு மெஷினும் அணைந்திருந்தன. நான்தான் அணைத்தேன்.

இரண்டும் ஒன்றாக விசிலடித்தன.

கீ...

பேட்டரிக் கதவைத் திறந்தேன். பேட்டரியை எடுத்தேன்.

நிற்கவில்லை.

கத்த நினைத்தேன்.  சுற்றிலும் நானூறு பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரிடம் என்னவென்று சொல்வது? சிட்டுவைத் தூக்கினேன். ஒன்பது வயதுப் பெண், கனமாக இருந்தாள். கால்களை மிதித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, இருட்டில் படியேறினேன்.

கேட்டில் நீலச் சட்டைக்காரர் நின்றார். "என்ன சார், இன்டர்வெல்கூட ஆகல?"

"குழந்தைக்கு உடம்பு சரியில்ல."

கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் வெளியே வந்தோம். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு லேசாகத் தலையசைத்து, கதவை விட்டார்.

பஸ்ஸில் சிட்டு ஜன்னலோரம் உட்காரவில்லை. எப்போதும் ஜன்னலுக்குச் சண்டை போடுகிறவள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னலோரச் சீட்டு காலியாக இருந்தது. பஸ்ஸில் நிறையப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள், ஆனால் யாரும் அங்கே உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைப் போட மாட்டேன் என்றாள். கெஞ்சினோம், மிரட்டினோம். மனைவி ஒரு அடியும் வைத்தாள். சிட்டு அழவில்லை. என் வாயசைவைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"மெஷின் போட்டா நீங்க தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும்ப்பா. அவங்க பேசினா நல்லாக் கேக்குது. எல்லாருக்கும் இப்படித்தான் கேக்குமா?"

எனக்குப் பயத்தைவிட வேறொன்று பெரிதாக வலித்தது. ஒன்பது வருடமாக ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மெஷின் வரவழைத்து நான் கொடுக்க முடியாததை யாரோ ஒரு பகல் காட்சியில் கொடுத்துவிட்டார்கள். என் பெண்ணின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி சோதனைதான். கடையில் ஒரு சின்னக் கண்ணாடி அறை உண்டு, வெளிச் சத்தம் உள்ளே புகாது. உள்ளே ஒருவரை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டுவோம். நான் வெளியிலிருந்து பீப் சத்தம் அனுப்புவேன். கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், என் மேஜையில் ஒரு பச்சை விளக்கு எரியும். சிட்டு நூறு தடவை செய்த சோதனை.

ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். மணி 11.20. எவ்வளவு சத்தம் முடியுமோ அவ்வளவு சத்தத்தில் அனுப்பினேன்.

விளக்கு எரியவில்லை. மறுபடி அனுப்பினேன். எரியவில்லை. முந்தைய மாதம் இதே அளவில் அமுக்கியிருக்கிறாள். இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டது என்று புரிந்தது.

பீப் அனுப்புகிற மெஷினின் சுவிட்சை அணைத்தேன்.

பச்சை விளக்கு எரிந்தது.

அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தாள். நாற்காலியில் நடுவில் உட்காராமல் ஓரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டிருந்தாள். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். சிரித்தாள்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, வாயை நன்றாக அசைத்துக் கேட்டேன்.

"எதுக்கு அமுக்கற?"

"அவங்க கேள்வி கேக்கறாங்க. ஆமான்னா அமுக்கணும்."

"என்ன கேட்டாங்க?"

"என்கூட வர்றியான்னு."

அவள் கையிலிருந்து பட்டனைப் பிடுங்கினேன். என் முகத்தைப் பார்த்து, பாவம், குழந்தை எனக்கு ஆறுதல் சொன்னது.

"பயப்படாதீங்கப்பா. நீங்க அவங்களுக்குச் சீட்டு பிடிச்சு வெச்சீங்கல்ல? அவங்களும் எனக்கு ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்காங்களாம். யாராவது காலியான்னு கேட்டா, ஆள் வருவாங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்களாம்."

"எங்க?"

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கேட்டாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியலப்பா. வந்தா தெரியும்ங்கறாங்க."

டாக்டரிடம் காட்டினோம். காது டாக்டர், பிறகு மனநல டாக்டர். கேட்கும் திறன் இன்னும் குறைந்திருக்கிறது என்றார் ஒருவர். தனியாக இருக்கிற குழந்தைகள் கற்பனைத் துணை வைத்துக்கொள்வது சகஜம் என்றார் இன்னொருவர். கையில் பேட்டரி இல்லாத மெஷின் விசிலடித்ததைச் சொன்னேன். அவர் என்னையும் ஒரு தடவை தனியாக வரச் சொன்னார்.

இந்தக் கதையில் எனக்கு விடை சொல்ல ஒரே ஒரு ஆள்தான் பாக்கி இருந்தார். கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாரே, அவர்.

அடுத்த சனிக்கிழமை மதியம் தனியாகப் போனேன். சிட்டுவை மனைவியிடம் விட்டு, வீட்டைப் பூட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். அந்தத் தியேட்டர்ப் பக்கமே அவள் வரக் கூடாது என்று நினைத்தேன். வீட்டில் பத்திரமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

படம் தொடங்கிவிட்டிருந்தது. கேட்டில் கூட்டம் இல்லை. நீலச் சட்டைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். பாப்பாவுக்கு இப்ப தேவலையா?"

"அன்னிக்கு நாங்க வெளிய வந்தப்ப, யாருக்காகக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க வீட்டம்மாவுக்குத்தான்."

"என் வீட்டம்மா சினிமாவுக்கே வர மாட்டாங்க."

"என்ன சார் விளையாடறீங்க? ஒவ்வொரு தடவையும் நீங்க ஆள் வருவாங்கன்னு சொல்லிட்டு உள்ள போவீங்க. லைட் அணைச்சு ரெண்டு நிமிஷத்துல அவங்க வந்துடுவாங்க. எங்க ஆளுங்க உள்ள இருக்காங்கன்னு சொல்வாங்க. டிக்கெட்தான் ஏற்கெனவே கிழிச்சாச்சே, நான் விட்டுடுவேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"நீங்க இங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து. நாலு வருஷம் இருக்குமா?"

 நாலு வருடம். நான் காலியென்று நினைத்து ஒவ்வொரு படத்துக்கும் காவல் காத்த சீட்டு ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

"அவங்க எப்படி இருப்பாங்க?"

அவர் சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"ஞாபகம் வரல சார்... எத்தனையோ தடவ பாத்திருக்கேன். மூஞ்சி மட்டும்... வரல."

 உள்ளேயிருந்து படத்தின் வசனம் தெளிவாகக் கேட்டது. பிறகு அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இன்னிக்கு பாப்பா வரல. அதான் அவங்களும் வரல போல."

போனை எடுத்தேன். இரண்டு தடவை தப்பான நம்பரை அமுக்கினேன்.

"சிட்டு எங்க?"

"இங்கதான். ஹால்ல உக்காந்திருக்கா" என்றாள் மனைவி. "புது டிரஸ் கேட்டா, போட்டு விட்டேன். ஷூவும் அவளே மாட்டிக்கிட்டா. நீங்கதான் வந்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்களோன்னு நெனச்சேன்."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? அவ மட்டும்தான். சோபாவுல ஓரமா ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. ஏங்க, என்னாச்சு?"

"அவ கையப் பிடிச்சுக்கோ. விடாத. நான் வரேன்."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. ஒவ்வொரு சிக்னலிலும் நான் செத்தேன்.

சிட்டு இருந்தாள். மனைவி அவள் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சிட்டுவின் வலது கை சோபாவின் மேல் விரித்தபடி இருந்தது. விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. நாம் ஒருவர் கையைப் பிடித்திருந்தால் எப்படி மடங்குமோ, அப்படி.

முன்னால் மண்டியிட்டேன். கூப்பிட்டேன். அவள் என் வாயைப் பார்க்கவே இல்லை. வலது பக்கம் திரும்பி எதையோ கேட்டாள். தலையாட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள்.

"அவசரப்பட வேணாமாம்ப்பா. இன்னும் படம் ஆரம்பிக்கலயாம்."

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. வீடு மாற்றிப் பார்த்தோம். யார் யாரையோ கூட்டிவந்து பார்த்தோம். சிட்டு எங்களோடுதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷூ மாட்டிக்கொண்டு உட்காருகிறாள். நானும் மனைவியும் மாறி மாறிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறோம். வேறென்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இன்னும் போன் வருகிறது. எந்தத் தியேட்டர், எந்த வரிசை என்று கேட்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் பாருங்கள் என்கிறேன். பக்கத்துச் சீட்டு காலியா என்று யாராவது கேட்டால், காலியாக இருந்தால் காலி என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறேன். நான் எதையோ தமாஷாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கையைப் பிடித்திருந்தேன். மணி 2.34. ஹாலில் நல்ல வெயில் அடித்தது. சிட்டு திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிரஸ்ஸைச் சரி செய்துகொண்டாள். ரொம்ப நாள் கழித்து என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்பா... லைட்ட அணைக்கப் போறாங்களாம்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கை அணைப்பதில்லை. பகலிலும் எரிகிறது.